என் பெயருக்கு எழுதிய மாத்திரை

சொறியக் கூடாது. இருபது பெண்பிள்ளைகள் தலை குனிந்து இயற்பியல் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிற அறையில், கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு தாவரவியல் ஆசிரியை இடுப்பைச் சொறியக் கூடாது. கூடுதல் விடைத்தாள் கட்டை வலது இடுப்போடு வைத்து அழுத்திக்கொள்ளலாம். அழுத்தினால் கொஞ்ச நேரம் அடங்குகிற மாதிரி பாவனை காட்டும், அப்புறம் அழுத்தின இடத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் கிளம்பும். ஓரம்தான் எப்போதும். நடுவில் தோல் நல்ல பிள்ளை மாதிரி வெளிறிக் கிடக்கும், ஓரம் மட்டும் சிவந்து தடித்துப் பொரிந்து வட்டம் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகரும். பாவாடை நாடா சரியாக அந்த ஓரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காலையில் ஒரு விரற்கடை மேலே ஏற்றித்தான் கட்டினேன், மாடி ஏறி வருவதற்குள் வேர்வையில் இறங்கிவிட்டது. மின்விசிறி இரண்டு இருக்கிறது, ஒன்றுதான் ஓடுகிறது, ஓடுவது பிள்ளைகளின் தலைக்கு மேலே. அது சரி, பிள்ளைகளுக்குத்தான் வேண்டும். ஆனால் ஓடாததைப் பற்றி நேற்றே சொன்னேன், நேற்று தலையாட்டினார்கள், இன்றைக்கும் தலையாட்டினார்கள். என் பள்ளிக்கூடமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், இது வேறு பள்ளிக்கூடம், தேர்வுப் பணிக்கு அனுப்பப்பட்டவள் நான், விருந்தாளி மாதிரி நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, செல்போனை வாசலிலேயே வாங்கி முதன்மைக் கண்காணிப்பாளர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல் பக்கம் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றால் பறக்கும் படை வந்து ஏன் என்று கேட்கும். பறக்கும் படை. எங்கள் பக்கத்தில் இதற்கும் படை என்றுதான் பேர். படர்தாமரை என்பது பத்திரிகையில் எழுதுகிற பேர். தாமரையாம். வைத்தவனுக்கு வந்திருக்காது.

எனக்கும்தான் முதலில் வரவில்லை. வந்தது அவருக்கு. என் வீட்டுக்காரர் தங்கமாரியப்பன், பூச்சிமருந்து கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி, காலையில் இறுக்கமான ஜீன்ஸை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினால் கோவில்பட்டியைச் சுற்றியிருக்கிற கரிசல்காட்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு இருட்டின பிறகு தொப்பலாக நனைந்து வந்து இறங்குகிற மனுஷன். தொடை இடுக்கில் வந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. அவர் சொறிகிற சத்தத்தில் நான் முழித்திருக்கிறேன். கொசு என்றார். அவர் துவட்டின துண்டில் நானும் துவட்டினேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், கொடியில் எது கையில் அகப்படுகிறதோ அது. எனக்கு இடுப்பில் வந்து நான் வாய்விட்டுச் சொன்ன பிறகு, ஏதோ ஊர்க்கதை சொல்கிற மாதிரி சொன்னார்: "அட, அதுவா. எனக்கும் லேசா இருந்துச்சு. சௌந்தரபாண்டி ஒரு டியூப் குடுத்தான், போட்டேன், ரெண்டு நாள்ல போயிருச்சு. உனக்கும் வாங்கியாரேன்." லேசாக இருந்ததாம். சௌந்தரபாண்டி மெயின் ரோட்டில் மெடிக்கல் வைத்திருக்கிறார், இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே காய்ச்சலா, இந்தா, வயிற்றுவலியா, இந்தா, அரிப்பா, இந்தா. நானும் போட்டேன். போட்டவுடன் என்ன சுகம், பனிக்கட்டி வைத்த மாதிரி அடங்கிற்று, சிவப்பு ஓடிப்போயிற்று. நிறுத்தினேன், வந்தது. போட்டேன், போயிற்று. நிறுத்தினேன், இரண்டு மடங்காக வந்தது, வட்டத்துக்குள் வட்டமாக, இடுப்பைச் சுற்றி முதுகு வரைக்கும், பார்த்தால் படர்தாமரை மாதிரியே இல்லாமல் ஏதோ வரைபடம் மாதிரி. போட்ட இடமெல்லாம் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, பிள்ளை பெற்றபோதுகூட எனக்கு விழாத வரிகள் விழுந்துவிட்டன, சிவப்பாக, நகம் பட்டால் ரத்தம். ஒரு வருஷம். ஒரு வருஷம் முழுக்க அந்த டியூப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்புக்குப் பூஞ்சை பாடம் நடத்துகிறவள், ஈர ரொட்டியை டப்பாவில் மூடி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். அதைச் சொல்லித்தான் என்னையே திட்டிக்கொள்ள முடியும், ஆனால் அப்படித் திட்டிக்கொண்டால் சௌந்தரபாண்டி தப்பித்துவிடுவார், அவரைத் தப்பவிட எனக்கு மனசில்லை.

கடைசியில் போய்ப் பார்த்த தோல் டாக்டர் மெஹருன்னிசா அந்த டியூப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை ஊட்டி வளக்கும். தோலுக்கு எதிர்ப்பு இல்லாமப் போயிருது, அது ஜாலியா உள்ள போயிருது. இனிமே உங்களுக்குக் களிம்பு மட்டும் பத்தாது, மாத்திரையும் வேணும்." பிறகு சொல்லிக்கொண்டே போனார், நான் மாணவி மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை செய்து ஈரல் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மாத்திரை. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் ஏறாது, கூடவே காஸ் மாத்திரை போட்டாலும் ஏறாது. களிம்பை வட்டத்தின் மேலே மட்டும் இல்லை, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலிலும் பூச வேண்டும், அங்கே ஏற்கெனவே போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. போய்விட்டது என்று தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது, அவர் சொல்கிற வரைக்கும். துண்டு தனி, சோப்பு தனி, உள்துணியை வெந்நீரில் துவைத்து உட்புறம் வெளியே தெரிய வெயிலில் போட்டு இஸ்திரி போட வேண்டும். கடைசியாகத்தான் சொன்னார்: "வீட்டுல யாருக்கு இருந்தாலும் சேர்ந்தே பாக்கணும். இல்லேன்னா நீங்க அவருக்கு, அவர் உங்களுக்குன்னு மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டே இருப்பீங்க." அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொம்பளை டாக்டர்கிட்டப் போய் வேட்டியை அவுத்துக் காட்டச் சொல்றியா" என்றார். நான் காட்டினேனே. ஆண் பயிற்சி டாக்டர் பக்கத்தில் நிற்க, பாவாடையை இறக்கி, முதுகைத் திருப்பி, நான் காட்டினேனே. எனக்கு வெட்கம் இல்லையா. வெட்கமெல்லாம் இந்த மனுஷனுக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறதா. ஸ்டெல்லா டீச்சர் ஸ்டாஃப் ரூமில் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், காற்று வரவில்லை டீச்சர் என்றாள், அதையும் நான்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி கை தூக்குகிறாள். தாள் வேண்டும். போகிறேன், நடப்பது நல்லது, நடந்தால் நாடா கொஞ்சம் உரசும், அது சொறிந்த கணக்கில் வராது. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஏதோ சுருளில் மின்னோட்டம் சுற்றுகிற படத்தை வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். திரும்பி நடக்கிறேன். தனித் துண்டு வாங்கினேன், பச்சை எனக்கு, நீலம் அவருக்கு. பச்சைத் துண்டு ஈரமாக இருந்தது ஒருநாள், நான் இன்னும் குளிக்கவில்லை. "கைக்கு வந்துச்சு, எடுத்தேன்." துண்டை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். துண்டைப் பூட்டி வைக்கிற வீடு. விடிவதற்கு முன்னால் எழுந்து வெந்நீர் போட்டு அவருடைய ஜட்டியையும் சேர்த்துத்தான் துவைக்கிறேன், அவருக்கு இல்லையாம், இல்லாத ஒன்றுக்கு நான் துவைத்து இஸ்திரி போடுகிறேன். அந்த இஸ்திரிப் பெட்டியின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. இவ்வளவும் செய்தும் போகாமல் இருந்தபோது டாக்டரே புருவத்தைச் சுருக்கினார், ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார், என்னை. நான் ஒரு வேளை விட்டதில்லை. ஆனால் மாத்திரை அட்டை என்னவோ சீக்கிரம் தீர்ந்துகொண்டே வந்தது. நான்தான் மறந்து இரண்டு தடவை போட்டுவிடுகிறேனோ என்று பயந்தேன், வயசாகிறதோ என்று பயந்தேன், தூக்கத்தில் எழுந்து போடுகிறேனோ என்றுகூடப் பைத்தியம் மாதிரி யோசித்தேன். தப்பு நம் பக்கம் என்று யோசிக்க எவ்வளவு சுலபமாகப் பழக்கிவிட்டார்கள்.

இன்று காலையில் பார்த்துவிட்டேன். அவர் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்துபோய், ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிற என் டப்பாவைத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அட்டையைப் பிதுக்கின சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். "என்னங்க அது" என்றேன். விழுங்கிவிட்டுத்தான் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு." "எத்தனை நாளா." "அதான் ஒண்ணே ஒண்ணுங்கேன்ல." "எத்தனை நாளான்னு கேட்டேன்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு மாசம் இருக்கும். உனக்கு எழுதின மாத்திரைதான, ஒரே அரிப்புதான ரெண்டு பேருக்கும். உனக்குக் கேக்கும், எனக்குக் கேக்காதா. டாக்டரைப் பாரு டாக்டரைப் பாருன்னு உயிரை எடுத்த, இப்ப டாக்டர் குடுத்ததைத்தான திங்கேன்." இதைச் சொல்கிறவர் யார். மிளகாய்ச் செடிக்குப் பூஞ்சாண மருந்து விற்கிறவர். காலையிலும் சாயங்காலமும் போனில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்குச் சொல்கிறவர், "அண்ணாச்சி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடிச்சாருன்னு நீங்களும் அடிக்காதீங்க, உங்க செடியை வந்து பாத்துச் சொல்றேன். ரெண்டு மருந்தைக் கலந்துறாதீங்க, செடி கருகிப்போகும்." செடியைப் போய்ப் பார்ப்பார். அண்ணாச்சி தோட்டத்து மிளகாய்க்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை, அவருடைய சொந்தத் தொடைக்கும் இல்லை. என் மாத்திரையை எடுத்ததால் எனக்கு முழுசாக வேலை செய்யவில்லை, நடுவில் தீர்ந்துபோய் இரண்டு முறை இடைவெளி விட்டிருக்கிறேன், கடையில் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் அது என் மேல் ஓரம் ஓரமாக நடந்து போயிருக்கிறது. இதைச் சொல்லிச் சத்தம் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. இங்கே நின்று ஒவ்வொன்றாக நினைவு வருகிறது, சொல்லாமல் வந்த வாக்கியங்கள், இன்னும் கூர்மையானவை.

நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் என்ன செய்தார். அதுதான் இன்னும் பத்திக்கொண்டு வருகிறது. அப்படியே குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டார். "தொடை விண்ணு விண்ணுங்குது பிரேமா. நாலஞ்சு நாளா மாடிப்படி ஏற முடியல." ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். நான் கோபப்பட்டால் இவருக்கு ஏதாவது வலிக்கும். போன வருஷம் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று போய் எல்லாப் பரிசோதனையும் எடுத்து, கொழுப்பு கூடியிருக்கிறது என்று இருதய டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு சரி, அன்றையிலிருந்து வீட்டில் நோயாளி என்றால் அவர்தான், எனக்கு வருவதெல்லாம் அரிப்பு. எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். நடிப்பு என்று நினைத்தேன். பைக்கை உதைத்து உதைத்து வந்த வலி என்று நினைத்தேன். கைப்பையை எடுக்கப் போகும்போது கழிவறையைப் பார்த்தால், ஒண்ணுக்குப் போய்விட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்கும் ஒரு கத்தல். கறுப்பாக, டிகாஷன் மாதிரி கிடந்தது. நான்தான் ஊற்றிவிட்டு வந்தேன், எல்லாம் நான்தான் ஊற்ற வேண்டும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் சுற்றினால் அப்படித்தான் போகும், தண்ணீர் குடி என்று எத்தனை தடவை.

டாக்டர் மெஹருன்னிசாவும் கேள்வி மேல் கேள்வி கேட்டார் என்று எனக்கு அன்றைக்கு எரிச்சல். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார், இந்த வயசில். நெஞ்சுவலி உண்டா, கால் வீக்கம் உண்டா, ஈரல் கோளாறு உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கொழுப்புக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா. "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது டாக்டர், ஒரு மாத்திரையும் கிடையாது" என்றேன், கொஞ்சம் கர்வமாகவே. "இல்லேன்னா நல்லது. எதுக்குக் கேக்கிறேன்னா, கொழுப்பு மாத்திரையும் இதுவும் சிலருக்குச் சேராதும்மா. இது அதை வெளியேற விடாம உடம்புல தேக்கி வச்சிரும். தேங்கினா சதை கரைய ஆரம்பிக்கும், தொடை கெண்டைக்கால்லாம் வலிக்கும், ஒண்ணுக்குப் போனா டீ கலர்ல." நான் என் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இல்லாத ஒன்றை எதற்குச் சொல்கிறார், வெளியே எவ்வளவு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீ கலரில். மூன்றாவது வரிசைப் பிள்ளை ரப்பரைக் கீழே போட்டுவிட்டது, குனிந்து எடுக்கிறது. டீ கலர். டிகாஷன். இல்லை, தண்ணீர் குடிக்காததால். வெயில். நாலஞ்சு நாளாக மாடிப்படி ஏற முடியல. பைக். பைக்கைப் பல வருஷமாக ஓட்டுகிறார், இப்போது மட்டும் ஏன் வலிக்க வேண்டும். ராத்திரி சாப்பிட்டவுடன் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, அதை மட்டும் மறக்கவே மாட்டார், நெஞ்சு விஷயம். காலையில் இட்லி தின்றுவிட்டு என்னுடையது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு. அதை மட்டும் சரியாகக் கேட்டு வைத்திருக்கிறார், நான் சொன்னதை, நன்றாக உடம்பில் ஏறட்டும் என்று. ஒரு மாதமாக.

கூடுதல் விடைத்தாள் கட்டு கையில் ஈரமாகிவிட்டது. கரும்பலகைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், இரண்டு தடவை, எதற்கு என்று தெரியவில்லை. உறுதியாகத் தெரியுமா. தெரியாது. நான் டாக்டர் இல்லை. ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டது, நானாக ஒட்டவைக்கிறேனோ. இருக்கலாம். ஆனால் அந்த நிறம். ஊற்றிவிட்டேனே, நானே கையால் தண்ணீர் ஊற்றிவிட்டேனே, வேறு யாருக்கும் காட்ட முடியாது இப்போது. இந்த நேரம் எங்கே இருப்பார், கழுகுமலைப் பக்கமா, வெயிலில் பைக்கில், எழுந்திருக்கச் சுவரைப் பிடித்த ஆள். சாயங்காலம் வரைக்கும் சுற்றுவார். வலித்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா, சௌந்தரபாண்டியிடம் போவார், அவன் வலிக்கு ஒன்று கொடுப்பான். அதற்கு மேல் அது என்ன செய்யும். இத்தனை நேரம் எவ்வளவு நன்றாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், முழுசாக ஒரு கோபம்கூடப் பட விடமாட்டேன் என்கிறார் இந்த மனுஷன், அதற்குள்ளும் வந்து தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறார். என் மாத்திரையைத் திருடித் தின்றுவிட்டு, அதனால் சாகவும் போகிறார், அதற்கும் நான்தான் ஓட வேண்டும். சாகவும் என்று நினைத்தது நான்தானா. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா. மணி அடித்த பிறகு தாளை வாங்கி, அடுக்கி, எண்ணி, கட்டி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு. அதற்குள் இரண்டு ஊர் சுற்றியிருப்பார். ஒரு பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது. நான் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன் போல. எழுதுமா, எழுது.

வாசலுக்குப் போய் வராண்டாவில் நிற்கிற மாற்றுக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். ஆர்தர் சார், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். "சார், கொஞ்சம் உள்ள நில்லுங்க. எனக்கு வீட்டுல அவசரம், நான் போகணும்." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டார். கீழே முதன்மைக் கண்காணிப்பாளர் கேட்டார். "என்ன டீச்சர், நடுவுலயே. முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான, பொறுத்துக்கிட்டா என்ன." "பொறுக்க முடியாது சார். போன் வேணும்." "அப்படியெல்லாம் நினைச்ச நேரத்துல எடுத்துக் குடுக்க முடியாது டீச்சர், விதி இருக்கு." "விதிப்படி எழுதிக்கோங்க சார். பிரேமகுமாரி பாதியில போயிட்டான்னு எழுதிக்கோங்க. போனைக் குடுங்க." நான் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் வெளியில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். முதன்மைக் கண்காணிப்பாளர் பூட்டைத் திறந்துகொடுத்தார். கேட்டுக்கு வெளியே வந்து, வேப்பமரத்து நிழலுக்குக்கூடப் போகாமல் வெயிலிலேயே நின்று அவருக்குப் போட்டேன். அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுத்தார்.

"எங்க இருக்கீங்க."

"பாண்டி கடையிலதான். ஏன், பரீட்சை முடிஞ்சிருச்சா? பைக்குல காலைத் தூக்கிப் போட முடியல பிரேமா, அதான் இங்கனயே உக்காந்துட்டேன். பாண்டி வலிக்கு ஒரு ஊசி போடுறேங்கான்."

"ஊசி போடக் கூடாது. எதையும் வாயில போடாதீங்க. தண்ணி மட்டும் குடிங்க. போனை அவர்ட்டக் குடுங்க."

சௌந்தரபாண்டி வந்தார். "என்ன தங்கச்சி, சும்மா சதைப்பிடிப்பு, ஒரு ஊசியில சரியாப் போயிரும்."

"அண்ணாச்சி, அந்த ஊசியைக் கீழ வைங்க. உங்க சிநேகிதர் ஒண்ணுக்குக் கறுப்பாப் போகுது. என் பூஞ்சை மாத்திரையையும் நெஞ்சு டாக்டர் குடுத்த மாத்திரையையும் சேர்த்துத் தின்னுருக்காரு. நான் வாற வரைக்கும் நீங்க ஒண்ணும் குடுக்கக் கூடாது. குடுத்தீங்கன்னா அப்புறம் நடக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு."

அந்தப் பக்கம் எதையோ கண்ணாடி மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி தங்கச்சி" என்றார். இத்தனை நாளாக நான் சொல்ல நினைத்திருந்தது இது இல்லை, அந்த டியூப்பைப் பற்றியது. இப்போதைக்கு இது போதும் என்று ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது, அந்த அளவுக்குத் தொடை கல்லாக இருந்தது. வழியில் என் கையை வந்து பிடித்தார், நான் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. டாக்டர் மெஹருன்னிசா உட்காருகிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். பொது மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரையையும் உடனே நிறுத்தச் சொன்னார், இருதய டாக்டருக்கும் போன் பண்ணிச் சொன்னார். சதை கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அது கிட்னியை அடைக்கிறது, ஊசி போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். சலைன் ஏறிக்கொண்டே இருந்தது, பை தீரத் தீர மாற்றினார்கள். முதல் இரண்டு நாள் யாரும் எனக்கு எந்த உறுதியும் சொல்லவில்லை, டயாலிசிஸ் என்ற வார்த்தையை ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் பார்க்கலாம் என்றார். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன், மனசுக்குள், நிறுத்தாமல், நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று. பிறகு கிட்னி திரும்பிவிட்டது. மூத்திரம் டீயிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து தண்ணீராயிற்று. நர்ஸ் அந்தப் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபோது நானும் சிரித்தேன், அவருக்காக இல்லை, அந்த நர்ஸ் நல்ல பிள்ளை.

அவர் எழுந்து உட்கார ஆரம்பித்த அன்று மத்தியானம் டாக்டர் மெஹருன்னிசா வார்டுக்கு வந்தார். சீட்டைப் புரட்டினார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இந்தப் பூஞ்சை மாத்திரையை உங்களுக்கு யார் குடுத்தாங்க" என்றார் அவரிடம். அவர் கூரையைப் பார்த்தார். போர்வையை இழுத்து வயிறு வரைக்கும் விட்டுக்கொண்டார். "வீட்டுல குடுத்தாங்க" என்றார்.

வீட்டில். நான்தான் வீடு. பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் என் பக்கம் திரும்பினார், அந்தப் பார்வையில் ஒரு கேள்வி வந்து நிற்பதற்குள் பேசிவிட்டேன். "இல்ல டாக்டர். நான் குடுக்கல. என் டப்பாவுல இருந்து எடுத்து, எனக்குத் தெரியாம ஒரு மாசம் தின்னுருக்காங்க. தொடையில எனக்கு முன்னாலயே அவங்களுக்குத்தான் வந்துச்சு, இன்னும் இருக்கு. உங்ககிட்டக் காட்ட வெக்கம், அதான் என் மருந்தை எடுத்துச் சாப்பிட்டாங்க. இப்பவே பாருங்க. இனிமே அவங்களுக்கு எது சேரும் எது சேராதுன்னு பாத்து நீங்களே சொல்லுங்க." பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்கட்டும். அவருடைய முகம் சுருங்கிவிட்டது, காதெல்லாம் சிவந்துவிட்டது. "பிரேமா" என்றார். "காட்டுங்க" என்றேன்.

டாக்டர் திரையை இழுக்கச் சொன்னார். "நீயும் உள்ளயே இரேன்" என்றார் அவர், சின்னக் குரலில். நான் திரையை இழுத்து மூடிவிட்டு வெளிப்பக்கம் நின்றேன். போர்வை விலகுகிற சத்தம், கையுறை மாட்டுகிற சத்தம். "எவ்வளவு காலமா இருக்கு" என்றார் டாக்டர். கட்டில் கிரீச்சிட்டது. "சொன்னாத்தான் மருந்து குடுக்க முடியும். கூடவே என்னென்ன சாப்பிடுறீங்க, என்னென்ன தடவுனீங்க, எல்லாத்தையும் சொல்லணும்." அவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்" என்றார். "டியூப் போட்டேன், அப்பப்ப. அந்த மாத்திரை நானா எடுத்ததுதான். அவ குடுக்கல." பிறகு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "பிரேமா, அங்கதான இருக்க" என்றார்.

பதில் சொல்லவில்லை. இருந்தேன்.